கொக்கியைக் கொடுத்துவிட்டு ஓடு

விடுமுறை என்று ஒன்று வந்துவிட்டால் போதும், டிவிக்காரனுக்கு அந்த ஒரு படத்தை விட்டால் வேறு படமே கண்ணில் படாது. பாலைவனம், மண்கோட்டை, குதிரைகள், சிவப்புக் கோட்டுப் போட்ட பட்டாளம். சக்கரவர்த்தி எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருப்பார். அவருடைய ஆட்கள் ஒரு தேசத்து ஏழைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு தேசத்தைப் பிடிப்பார்கள். முதல் சண்டையில் பயந்துபோய்ப் பள்ளத்துக்குள் படுத்துக்கொள்ளும் கேப்டன், கடைசிச் சண்டையில் தனியாளாகக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவார். நடுவில் அவருக்கு எப்படி வீரம் வந்தது என்பதுதான் கதை. வந்தது ஒரே அறையில். துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிற ஒரு சிப்பாயை மறித்து, "சக்கரவர்த்தியின் உப்பைத் தின்றவன் ஓடலாமா?" என்று கன்னத்தில் ஓங்கி விடுவார். உடனே வாத்தியங்கள் முழங்கும். கேப்டன் முகத்தில் வெளிச்சம் அடிக்கும்.

அந்தக் கன்னம் இவனுடையது.

பஞ்சுக் கிடங்கில் இவனுக்குப் பெயர் ஓட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இவனே திரும்பிப் பார்ப்பதில்லை. ஓட்டம் என்று பெயர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, மச்சான்தான், மனைவியின் அண்ணன். லாரியில் பொதி ஏற்றுவதில் இவனுக்கு ஜோடியும் அவன்தான். வேலையிலும் அவன் முகம், வீட்டிலும் அவன் முகம்.

அன்றைக்கும் மச்சான் கிடங்கு ஆட்களில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, சொந்த வீடு மாதிரி பாயை விரித்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். பாரம் இறக்குகிற வின்ச்சை ஓட்டுகிறவன், விசில் என்று பெயரெடுத்தவன், மூட்டைக்காரர் கூட்டத்துத் தலைவரான மேஸ்திரி, எல்லாரும் இருந்தார்கள். காட்சி நெருங்கியதும் ஒருத்தனுக்கொருத்தன் தொடையில் தட்டிக்கொண்டார்கள்.

"வரான், வரான், வந்துட்டான்டா!"

திரையில் ஒல்லியான ஒரு சிப்பாய் வாயைப் பிளந்துகொண்டு மண்மேட்டில் ஓடினான். அறை விழுந்தது. வீடே அதிர்ந்தது.

"என்ன அறைடா! கேப்டன்னா கேப்டன்தான்" என்றான் மச்சான். "மச்சான், இன்னும் வலிக்குதா?"

"எத்தனை தடவைடா சொல்றது? அது நடிப்பு இல்ல. அந்த பீரங்கி மேடை..."

"ஆரம்பிச்சுட்டான்" என்று விசில் தலையில் கைவைத்தான்.

இவனும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டான். சினிமாக்காரர்கள் துறைமுகத்து மணல்மேட்டில் படம் எடுத்தபோது கம்பெனி மூட்டைக்காரர்களை மொத்தமாக அனுப்பியது. கோட்டுப் பற்றாமல் பின்வரிசைக்காரர்கள் சொந்தச் சட்டையிலேயே சக்கரவர்த்திக்காக உயிரை விட்டார்கள். இவன் நின்றது பீரங்கிக்குக் கீழே. பீரங்கி மரச்சட்டத்து மேல் இருந்தது. வெடி வெடித்ததும் அந்தச் சட்டம் கிறீச்சென்று ஒரு குரல் கொடுத்தது. பாரம் நழுவப் போகிறதென்றால் சட்டம் அப்படித்தான் கத்தும். அந்தச் சத்தத்துக்கு நின்று யோசிக்கிறவன் இந்தத் தொழிலில் முழுக் காலோடு வீடு திரும்ப மாட்டான். துப்பாக்கியைப் போட்டான், ஓடினான். டைரக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, "அடடா, என்ன பயம்! என்ன பயம்!" என்று கட்டிப்பிடித்தார். மறுநாள் கேப்டனைக் கூட்டிவந்து அறையவும் வைத்தார்.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பீரங்கி விழவில்லை. அதுதான் இவன் தலையெழுத்து. அது விழுந்து தொலைத்திருந்தால் இவன் இன்றைக்குப் புத்திசாலி. அது பாட்டுக்கு நின்றது. எல்லாரும் அதன் நிழலில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

தையல் ஆலையிலிருந்து கொண்டுவந்த காலர்களை மூலையில் உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏண்ணே, இந்த கேப்டன்தானே முன்னாடி பள்ளத்துல குப்புறப் படுத்துக் கிடந்தாரு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அவரை யாரு அறைஞ்சா?"

மச்சான் மேஸ்திரியைப் பார்த்தான்.

"அவரு ஆபீசரும்மா" என்றார் மேஸ்திரி.

"ஓ" என்றாள் அவள். "யாரோ ஊரை யாரோ பிடிக்கறதுக்கு யாரோ சாகணும். ஓடினவன் ஒருத்தன்தான் வீடு வந்து சேர்ந்தான். அவனைப் போய் நையாண்டி பண்றீங்க. டீ வேணுமா, வேணாமா?"

டீ வேண்டும் என்றார்கள்.

மறுநாள் காலையில் கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. விடுமுறைக்கும் சேர்த்து அன்றைக்கே ஏற்ற வேண்டும் என்று சூப்பர்வைசர் வந்த உடனேயே கத்திவிட்டுப் போனார். கிடங்கு சக்கரவர்த்தி காலத்துக் கட்டடம். மேல்தளத்து வாசலில் கப்பி தொங்கும். மேலே இரண்டு பேர் பஞ்சுப் பொதியைக் கம்பிவடத்தில் மாட்டித் தள்ளுவார்கள், விசில் வின்ச்சைத் தளர்த்துவான், பொதி ஆடிக்கொண்டு கீழே வரும். லாரித் தட்டில் நிற்கிற இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கைக்கொக்கியைக் குத்தி இழுத்து அதை உட்கார வைப்பார்கள். பொதி ஒவ்வொன்றும் ஒரு மாட்டுக் கனம். பஞ்சுதானே என்று நினைக்கிறவன் ஒருதரம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கட்டும்.

முதல் லாரி பாதி நிறைவதற்குள் இவன் காதில் அது விழுந்தது. பொதி பாதி வழி இறங்கும்போது, கப்பிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன முனகல். அப்புறம் டக்கென்று ஒன்று. இவன் கால் தானாக ஒதுங்கியது.

"என்ன மச்சான், ஷூட்டிங்கா?" என்றான் மச்சான், தனியாகப் பொதியோடு மல்லுக்கட்டிக்கொண்டே. "புடிடா இந்தப் பக்கம்!"

"சத்தம் கேக்கலையா உனக்கு?"

"உன் சத்தம்தான் கேக்குது."

அடுத்த பொதியில் கேட்கவில்லை. அதற்கடுத்ததில் கேட்டது. விசிலைக் கூப்பிட்டுச் சொன்னான். விசில் கப்பியை அண்ணாந்து பார்த்து, "எண்ணெய் இல்ல, அதான்" என்றான். எண்ணெய் விட்டான். முனகல் நின்றது. டக் நிற்கவில்லை. மேஸ்திரியிடம் போனான். மேஸ்திரி மேலே பார்த்தார், லாரி வரிசையைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

"அண்ணே, வடத்துல ஏதோ விட்டுப்போகுதுண்ணே."

"நேத்துதான் அந்தப் படத்தைப் பாத்தோம். இன்னிக்கு உனக்குச் சத்தம் கேக்குது. நான் இதைப் போய் சூப்பர்வைசர்கிட்டச் சொன்னா எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடக்கும்னு நினைக்கிறே?"

திரும்பி வந்து நின்றான். நின்றானே தவிர, உடம்பு நிற்கவில்லை. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு கால் தட்டின் ஓரத்துக்கே போனது. இவனுக்குத் தன் காதின் மேலேயே எரிச்சலாக வந்தது. மற்றவன் காதெல்லாம் ரேடியோ கேட்கிறது, வம்பு கேட்கிறது, சாப்பாட்டு மணி கேட்கிறது. தன் காதுக்கு மட்டும் ஏன் இந்தக் கேடு? இன்றைக்கும் ஓடி, இன்றைக்கும் ஒன்றும் விழாமல் போனால், அவ்வளவுதான். ஓட்டம் என்கிற பெயர் பேரன் பேத்தி வரைக்கும் போகும். ஓடாமல் நின்று, விழுந்தால்? தான் போவது கிடக்கட்டும். எதிர்ப்பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற இந்தத் தடியன் போனால் அவன் தங்கைக்கு யார் போய்ச் சொல்வது?

டக்.

இவன் லாரித் தட்டிலிருந்து குதித்தான்.

"நான் நிக்கல" என்றான். "நீயும் இறங்குடா."

"டேய், பாதியில விட்டுட்டு எங்கடா போறே?"

"ஓடறேன். நான் ஓடறதைப் பாக்கத்தான் உனக்குப் பழக்கமாச்சே, பாத்துக்க."

நேராகச் சாலையைத் தாண்டி, எதிரே எடைமேடைச் சுவரோரம் போய் உட்கார்ந்தான். கையில் கொக்கி இருந்தது.

விவகாரமே அந்தக் கொக்கியில்தான். இந்தக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. ஒருத்தனுக்கு முடியவில்லை என்றால் தன் கொக்கியைத் தன் கையால் இன்னொருத்தனுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டவன் அவன் இடத்தில் நிற்கலாம். கொக்கி கைமாறாமல் யாரும் யார் இடத்திலும் ஏறக்கூடாது. முன்னொரு காலத்தில் கங்காணிகள் பிடிக்காதவனை இழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் ஆளை அரைக்கூலிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது கூட்டம் சண்டை போட்டு வாங்கிய முறை அது. கம்பெனியே அதில் கைவைப்பதில்லை.

ஆக, இவன் கொக்கியோடு போனதும் லாரியில் ஒரு பக்கம் காலி. ஒரு பக்கம் காலி என்றால் மச்சான் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. கீழே வாங்க ஆளில்லாமல் மேலே தள்ள முடியாது. விசில் வின்ச்சை நிறுத்தினான். பொதி பாதி உயரத்தில் தொங்கியது. பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கத் தொடங்கினார்கள்.

முதலில் வந்தது மேஸ்திரி.

"ஏம்ப்பா, ஓடறதுன்னா ஓடு. யாரும் உன்னைப் புடிக்கல. கொக்கியைக் குடுத்துட்டு ஓடு."

"குடுத்தா யாரை நிறுத்துவீங்க?"

"மேலே பொதி தள்ளற மொட்டையை நிறுத்துவேன்."

"அப்ப குடுக்கமாட்டேன்."

"டேய், உனக்குப் பயம்னா நீ போ. மொட்டைக்குப் பயம் இல்லையே!"

"அவனுக்குக் காது மந்தம்ணே. அதனால பயம் இல்ல."

மேஸ்திரிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு எச்சில் துப்பினார். "என் கழுத்தை அறுக்காதடா. நானே இன்னிக்கு முறையை உடைச்சு ஆளை ஏத்தினா நாளையிலேருந்து சூப்பர்வைசர் தினம் உடைப்பான். உடைக்காம விட்டா இன்னிக்கு என்னை உடைப்பான்."

"வடத்தை மாத்தச் சொல்லுங்க."

"வடத்தை மாத்து, வானத்தை மாத்துன்னு..." முணுமுணுத்துக்கொண்டே போனவர் சூப்பர்வைசரோடு திரும்பி வந்தார்.

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர். எதிரில் இருப்பவன் வாக்கியத்தை அவரே முடித்துவிடுவார்.

"என்னய்யா, உடம்பு சரியில்லையா? வீட்டுக்குப் போ. அதை வச்சுட்டுப் போ."

"உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு. பயம்தான்."

இப்படி ஒருத்தன் பளிச்சென்று ஒத்துக்கொள்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறினார். பிறகு கிடங்குச் சுவரில் பதித்திருந்த பித்தளைத் தகட்டைக் கையால் காட்டினார். அவருக்குக் கோபம் வந்தால் அந்தத் தகட்டில்தான் வந்து நிற்பார்.

"அது என்ன தெரியுமா? யுத்த காலத்துல இந்த இடத்துல குண்டு விழுந்துது. குண்டு! ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, இடத்தை விட்டு நகரல. சக்கரவர்த்தியே பாராட்டி அனுப்பினது அந்தத் தகடு. அவங்க பரம்பரையில வந்துட்டு நீ ஒரு டக் சத்தத்துக்கு..."

"கேட்டைப் பூட்டிட்டாங்க சார்" என்றார் மேஸ்திரி மெதுவாக.

"என்ன?"

"அன்னிக்கு. குண்டு விழுந்தப்போ. வெளிக்கேட்டைப் பூட்டிட்டு அதிகாரிங்க போயிட்டாங்க. எங்க அப்பா உள்ளே இருந்தாரு. எங்கே சார் நகர்றது?"

சூப்பர்வைசர் தகட்டையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார். பேச்சை எடுத்ததே அவர்தான் என்று எடுத்துச் சொல்ல அங்கே யாருக்கும் தெம்பில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வேகமாக அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

அடுத்தது மச்சான். வரும்போதே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான்.

"குடுடா."

"மாட்டேன்."

"குடுடான்னா!"

கொக்கியின் மரப்பிடியைப் பிடித்து இழுத்தான். இவன் விடவில்லை. தலை நரைத்த இரண்டு ஆண்கள் நடுச்சாலையில் பம்பரத்துக்குச் சண்டை போடுகிற பயல்கள் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றார்கள். லாரிக்காரர்கள் ஹாரனை விட்டுவிட்டு இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் பந்தயம் கூடக் கட்டினான்.

"மானத்தை வாங்கறியேடா! என் ஜோடி ஓடிட்டான்னு நாளைக்கு எல்லாரும் என்னையும் சேர்த்துச் சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"நீ ஓடினா நானும் ஓடினதா ஆகுதுடா. நான் எங்கேயாவது ஓடினேனா? நின்ன இடத்துல நின்னுட்டிருக்கேன், எனக்கு ஓடுகாலிப் பட்டம்!"

"உனக்கும் சேர்த்துத்தான்டா ஓடினேன், மடையா."

"எனக்காக நீ ஓட வேணாம். எனக்குக் கால் இருக்கு."

"இருக்கும்போதே இறங்குன்னுதான் சொல்றேன்!"

மச்சான் பிடியை விடாமல் முகத்தை உற்றுப் பார்த்தான். எத்தனையோ வருஷமாக டிவியில் பார்த்துச் சிரித்த முகம். ஆனால் அதில் வாய் மட்டும்தான் தெரியும், கண் தெரியாது. இப்போது கண் தெரிந்தது.

"நிஜமாவே கேக்குதா?" என்றான், குரலை இறக்கி.

"கேக்குது."

"அன்னிக்கும் கேட்டுதுன்னுதான் சொன்னே. விழலையே."

"விழல. என்ன பண்ணச் சொல்றே? விழறதா இருந்தா முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டா விழும்? எனக்குக் கேட்டுது, ஓடினேன். இன்னிக்குக் கேக்குது, ஓடறேன். நாளைக்குக் கேட்டாலும் ஓடுவேன். விழுந்தா நான் வீரன், விழாட்டி நான் கோழை, அப்படித்தானே? அதுக்காக உன் தலைமேல விழட்டும்னு வேண்டிக்கவா?"

மச்சான் பிடியை விட்டான். சுவரோரம் இவன் பக்கத்தில் உட்காரவில்லை, அதற்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு லாரிச் சக்கரத்தில் சாய்ந்து குந்தினான். அதைப் பார்த்துவிட்டு மேலே இருந்த மொட்டையும் அவன் ஜோடியும் கீழே இறங்கி வந்தார்கள். வேலை இல்லை, அதனால் இறங்கினார்கள். விசிலும் வந்தான். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு கூட்டு வேலைநிறுத்தம் மாதிரித்தான் இருந்திருக்கும். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், இவனைத் திட்டாத வாய் அதில் ஒன்றுகூட இல்லை.

அலுவலக ஜன்னலில் சூப்பர்வைசர் தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. லாரி வரிசை வளைவைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் ஜன்னலைத் திறந்து கத்தினார்.

"ஃபிட்டர் வரான்! அந்தப் பைத்தியத்துக்காக மாத்தறேன்னு நினைச்சுக்காதீங்க. லாரிக்காரன் கூட மாரடிக்க முடியாமத்தான் மாத்தறேன்!"

ஃபிட்டர் வந்தான். தொங்கிய பொதியைப் பத்திரமாக இறக்கி வைத்தான். வடத்தைக் கழற்றினான், சுருட்டினான், புதுசை மாட்டினான். பழைய வடத்தைப் பார்க்க வேண்டும் என்று இவன் ஓடிப் போனபோது, அது பழைய இரும்பு ஏற்றுகிற வண்டியில் ஏறி, வண்டியும் கேட்டைத் தாண்டிவிட்டது. இவன் ஃபிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்படி இருந்துது? உள்ளே விட்டிருந்துதா?"

"பழசுண்ணே."

"பழசு சரி. அறுந்திருக்குமா?"

ஃபிட்டர் பீடியைப் பற்ற வைத்தான். "அறுந்திருக்கலாம். இன்னும் ரெண்டு வருஷம் ஓடியும் இருக்கலாம். யாரு கண்டா? மாத்தச் சொன்னாங்க, மாத்திட்டேன்."

"நீ பார்த்தியா, பார்க்கலையா?"

"எண்ணெய் வழிஞ்சு கிடந்துதுண்ணே, என்னத்தைப் பார்க்கறது? யாரோ புண்ணியவான் கொட்டி வச்சிருந்தான்."

விசில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இவனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு கம்பி, ஒரே ஒரு அறுந்த கம்பியை யாராவது கையில் தூக்கிக் காட்டியிருந்தால் போதும். அதுவும் இல்லை. இனிமேல் அந்த வடம் அறுந்திருக்கும் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது, அறுந்திருக்காது என்றும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் மச்சான் என்ன சொல்வான் என்று தெரியும்.

சொன்னான். "நல்ல வடம். அநியாயமாத் தூக்கிப் போட்டாச்சு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டேதான் லாரியில் ஏறினான். "ஒரு ஓட்டத்துல கம்பெனிக்குப் புது வடம். இன்னொரு ஓட்டம் ஓடினா புது குடோனே கட்டிடுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி கையைத் தட்டினார், இவனும் கொக்கியோடு லாரியில் ஏறினான். மேலே மொட்டையும் ஜோடியும் பொதியை மாட்டித் தள்ளினார்கள். விசில் வின்ச்சைத் தளர்த்தினான். புது வடம் மினுமினுத்துக்கொண்டு பொதியை இறக்கியது. பாதி வழியில் விசில் வின்ச்சைப் பிடித்துவிட்டான்.

"ஏன்டா நிறுத்தினே?" என்றார் மேஸ்திரி.

விசில் லாரித் தட்டைப் பார்த்தான். மச்சான் தன் இடத்துக்குப் போகாமல் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தான். கொக்கியைத் தூக்கவும் இல்லை.

"என்ன மச்சான், புடிக்க வரலையா?" என்றான் இவன்.

"வரேன். நீ சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"அதான்." மச்சான் மோவாயால் மேலே காட்டினான். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருதரம் சுற்றும் பார்த்துக்கொண்டான். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "கேக்குதா, இல்லையா?"

"புது வடம்டா அது!"

"புதுசுன்னா என்ன? கேட்டுச் சொல்லேன், காசா பணமா?"

மேலே வாசல் விளிம்பில் மொட்டை குனிந்து இவனையே பார்த்தான். யாரோ ரேடியோவை அணைத்தார்கள். மேஸ்திரி மூக்கைச் சொறிந்துகொண்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி, ஆனால் நகராமல் நின்றார்.

இவனுக்கு வந்த ஆத்திரத்தில் கொக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு நிஜமாகவே வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. காலையிலிருந்து தொண்டை கிழியச் சொன்னபோது ஒருத்தன் காது கொடுக்கவில்லை. இப்போது ஆளுக்காள் தங்கள் காதைக் கொண்டுவந்து இவன் தலையில் கட்டுகிறார்கள். இனி தினமும், ஒவ்வொரு பொதிக்கும், இதே பிழைப்பா?

"பேசிட்டே இருந்தா எப்படிடா கேக்கும்? வாயை மூடுங்க எல்லாரும்!"

மூடினார்கள். பொதி காற்றில் மெல்லச் சுற்றியது. இவன் பொதிக்குக் கீழே தன் இடத்தில் போய் நின்று, அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் ஒரு லாரிக்காரன் தும்மினான், பத்துப் பேர் திரும்பி அவனை முறைத்தார்கள். இவன் மறுபடியும் முதலிலிருந்து கேட்டான்.

"இறக்கு" என்றான்.